கைகளைப் பார்த்துப் பேசியவர்

அவர் எங்கள் ஊருக்கு வந்துபோன அந்த ஒரு மாதத்தில், யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. கூச்சமா, பழக்கமா, தெரியாது. எதிரில் இருப்பவரின் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் கண் இருக்கும். வணக்கம் சொன்னால் கூப்பிய கைகளைப் பார்த்துப் பதில் வணக்கம் சொல்வார். டீ கொடுத்தால் டம்ளரைப் பிடித்திருக்கும் விரல்களிடம் "போதுமுங்க" என்பார்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் அவருக்கு மிஷின் சாரு என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு மூன்று எஞ்சின்கள் வந்தன. படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டுகிற எஞ்சின்கள். அவற்றைப் பழக்கிக் கொடுப்பதற்கென்று அரசாங்கம் அனுப்பிய ஆள் அவர். கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். கிணற்று மோட்டாரும் பஸ் எஞ்சினும் பார்த்து வளர்ந்தவர். கடலை முதல்முதலாக எங்கள் ஊரில்தான் பார்த்தார். பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் ஏரியைத் தாண்டி எங்கள் பக்கம் வருவார். படகில் உட்கார்ந்ததும் இரண்டு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"சாரு, இடுப்பளவு தண்ணிதான் சாரு. வியுந்தாலும் எயுந்து நடந்து போலாம்," என்பார் படகுக்காரர்.

"நடக்கறது சரிங்க. அதுக்கு முன்னாடி விழோணுமில்லீங்க?"

அவர் பேச்சில் எல்லாருக்கும் ஒரு 'ங்க' உண்டு. எங்கள் ஊரில் பெற்ற அப்பனையே "வா நைனா, குந்து நைனா" என்றுதான் கூப்பிடுவோம். இவர் மூக்கு ஒழுகுகிற பையனுக்கும் 'ங்க' போட்டார். எஞ்சின் கிளம்ப மறுத்தால் அதனிடமும், "என்னங்க இப்படிப் பண்றீங்க," என்று மெதுவாகக் கேட்பார். எங்கள் ஆட்கள் கரையில் குந்திக்கொண்டு நண்டைப் பார்த்து, "நண்டு சாரு, வளைக்குள்ள போங்க," என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். அவரும் சிரிப்பார், மணலைப் பார்த்து.

பயிற்சிக்குப் பத்துப் பேர் என்று உத்தரவு. ஒரு மாதம், அதே பத்துப் பேர். இதுதான் ஊரில் சிக்கலாகிவிட்டது.

எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடம் ஒருவனுக்கே சொந்தமாகிவிடக் கூடாது. இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு என்று முறை வைத்து எல்லாக் குடும்பமும் சுற்றி வரும். சண்டை இல்லாமல் ஊர் நடப்பதே அந்த ஒரு சொல்லால்தான். பத்து இடம் என்று கேட்டதும் ஊர்ப் பெரியவர் வேறெதையும் யோசிக்கவில்லை.

"பத்துப் பேரு மட்டும் கத்துக்கினா மத்தவன் இன்னா பண்ணுவான்? கரையில குந்திக்கினு காத்து வாங்குவானா? இதுவும் ஊரு சொத்துதான். பாடு போடுங்கடா."

பாடு போட்டார்கள். ஏட்டில் பத்துப் பெயர். அதில் ஒன்பது பெயருக்கு மும்மூன்று ஆள், நாளுக்கு ஒருவராக. பத்தாவது பெயர் என்னுடையது. அதை மட்டும் யாரோடும் பங்கு போடவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்தவன், சாரு சொல்வதை எழுதி வைத்துக்கொள்ள ஒருத்தன் வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் நாள் கன்னியப்பன் என்று கூப்பிட்டால் கன்னியப்பனின் பக்கத்து வீட்டுக்காரர் "உள்ளேன்" என்பார். மறுநாள் இன்னொருவர். மூன்றாம் நாள் நிஜக் கன்னியப்பன். சில நாள் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு சத்தமும் வராது. பிறகு யாராவது விலாவில் இடிப்பார்கள். "டேய், இன்னிக்கி நீதான்டா கன்னியப்பன்!"

"மூஞ்சியப் பாக்காத வாத்தியாரு கெடைச்சது நம்ம அதிர்ஷ்டம்டா," என்று பேசிக்கொண்டார்கள்.

வருகை ஏட்டை முதல் நாளே அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். "உங்க எழுத்து நல்லா இருக்குதுங்க தம்பி. நீங்களே எழுதுங்க. நான் அடியில கையெழுத்துப் போட்டுக்கறேன்." எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் யாரும் இல்லை. என் நைனா கைநாட்டு. அரசாங்க ஏட்டில் என் எழுத்து ஏறுகிறது என்பதே எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கோணாமல் 'உள்ளேன்' என்று எழுதினேன். நன்றாக இருந்தது பார்ப்பதற்கு.

அவர் பாடம் நடத்திய விதம் வேறு. பிரசங்கம் கிடையாது. கரையில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் எஞ்சினை மாட்டி, ஒவ்வொருவர் கையையும் எஞ்சின்மேல் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொள்வார். கண்ணை மூடச் சொல்வார். "உங்க கைக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க. உங்களுக்குத் தெரியாட்டிப் பரவால்ல," என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் பத்து நாளில் எஞ்சின் சத்தம் கேட்ட மாத்திரத்தில் தானாக நகருகிற கைகளை நானே பார்த்தேன்.

நியூட்ரல் என்ற வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. கியர்க் குச்சியை முன்னால் தள்ளினால் படகு முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும், நடுவில் வைத்தால்? "நடுவுல வச்சா இன்னா, சொம்மா கீது," என்றார் ஒருவர். மிஷின் சாருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. கரும்பலகையில் பெரிதாக 'சொம்மா' என்று எழுதி வைத்தார். பார்வையிட வந்த மேலதிகாரி அதைப் பார்த்து முகம் சுளித்தார். அதைவிட அவருக்கு இன்னொன்று உறுத்தியது.

"ஏன்யா, ஒரே பாடத்தை மூணு நாள் நடத்திட்டிருக்கே? இப்படிப் போனா எப்ப முடிக்கிறது?"

"இவங்களுக்குக் கொஞ்சம் மெதுவாத்தானுங்க ஏறுது, ஐயா."

கரையில் நின்றவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. "பொறந்ததுலேந்து கடல்ல கீறோம், எங்களுக்கு மெதுவா ஏறுதாமா?" இரண்டு நாள் ஊரில் யாரும் அவருக்கு டீ கொடுக்கவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. பாடத்தை மட்டும் மூன்று மூன்று நாளாகவே நடத்திக்கொண்டு போனார்.

கடைசிப் பாடம், கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது. கரையில் பழகும்போது எஞ்சின் எப்போதும் சொம்மாவில் இருந்துதான் கிளம்பும். ஓடுகிற படகில் நின்றால் கியர் முன்னாலேயே இருக்கும். அது தெரியாமல் எழுந்து நின்று கயிற்றை இழுத்தால், எஞ்சின் பிடித்த கணமே படகு பாயும், இழுத்தவன் தண்ணீரில் விழுவான். ஆகவே முதலில் உட்கார வேண்டும். பிறகு குச்சியைச் சொம்மாவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் கயிறு. இதைச் சொன்ன மூன்று நாளும் அவர் சிரிக்கவில்லை. பீப்பாயை விட்டுவிட்டுப் படகிலேயே ஏறி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பத்துத் தடவை உட்கார வைத்து எழுப்பினார்.

இருபத்தேழாம் நாள் கன்னியப்பன் அண்ணனின் முறை. அன்றைக்கே ஏரியிலும் அவருக்குப் பாடு வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை வருகிற நல்ல இடம். அவர் பயிற்சி முறையை, இரண்டு நாள் முன்பு வந்துபோன பக்கத்து வீட்டுக்காரருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு ஏரிக்குப் போனார். நான் கன்னியப்பன், உள்ளேன் என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மிஷின் சாரு எஞ்சினைத் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். என் கையில் ஏடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி, இடது கட்டைவிரல் நகம் கறுத்த கை ஒண்ணு இருக்குதுங்க. வலை கட்ட ஊன்று மரம் அடிக்கறப்ப நசுங்குனதுன்னு நெனைக்கறேன். அந்தக் கை இன்னிக்கு வரலீங்க. யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமுங்க. நாளைக்கு மட்டும் வரச் சொல்லுங்க. அரை மணி நேரம் போதும்."

கன்னியப்பன் அண்ணன் கைதான். இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் இந்த மாதம் முழுக்க நான் எழுதியது பொய் என்று ஒத்துக்கொள்வதாகிவிடும். சங்கத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை போட்டுத் தருவதாகப் பேச்சு இருந்தது.

"எல்லாரும் டெய்லி வர்றாங்களே சார்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் எஞ்சினைத் துடைத்தார். "சரிங்க," என்றார்.

மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் மேலதிகாரிக்குத் தோதான நாள் என்று நிறைவு விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள். பத்துப் பேருக்குச் சான்றிதழ். மாலை, பூந்தி, போட்டோ. கன்னியப்பன் அண்ணன் புதுச் சட்டையில் வந்து வாங்கிக்கொண்டார். கை கொடுக்கும்போது மிஷின் சாரு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் அண்ணனுக்குக் கேட்டதா தெரியாது. சிரித்துத் தலையாட்டினார்.

மூன்று நாள் கழித்து, சாமான்களைச் சங்கத்தில் ஒப்படைப்பதற்காக அவர் கரையில் இருந்தார். காலை ஏழு மணி இருக்கும். கன்னியப்பன் அண்ணன் தன் மனைவியின் அண்ணனைக் கூட்டிக்கொண்டு படகை எடுத்தார். அந்த மச்சான் பயிற்சிப் பக்கமே வராத ஆள். ஏரித் தண்ணீரும் கடலும் முட்டிக்கொள்ளும் முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றது. கரையில் இருந்த எல்லாரும் பார்த்தோம். அண்ணன் எழுந்து நின்றார். கயிற்றை இழுத்தார்.

படகு பாய்ந்தது. அவர் விழுந்தார். பிடிக்க ஆள் இல்லாத எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள, படகு வட்டம் போட ஆரம்பித்தது. அவரைச் சுற்றியே. மச்சானுக்கு எதை நிறுத்துவது என்று தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் வேறு படகைத் தள்ள ஓடினார்கள். மிஷின் சாரு நேராகக் கடலுக்குள் நடந்தார். நீந்தத் தெரியாது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார்: "குச்சியை நடுவுல வைங்க! அண்ணா, சொம்மாவுல வைங்க! வைங்க! வைங்க!" அந்த நிலையிலும் அவருக்கு 'ங்க' விட்டுப்போகவில்லை. காற்று கரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் குரல் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாவது சுற்றில் அண்ணனின் தலை தெரியவில்லை. படகு அதற்குப் பிறகும் சுற்றியது. மணல்திட்டில் மோதித்தான் நின்றது.

உடலைக் கொண்டுவந்து கிடத்தி வேட்டியால் மூடியிருந்தார்கள். அவர் ஈரத்தோடு வந்து பக்கத்தில் மண்டியிட்டார். முகத்துத் துணியைத் தொடவில்லை. இடது கைப்பக்கம் மட்டும் விலக்கினார். நகம் கறுப்பாக இருந்தது. மறுபடி மூடினார்.

விசாரணை சங்கக் கட்டடத்தில் நடந்தது.

"இறந்தவருக்குக் கடைசிப் பாடம் நான் சொல்லித் தரலீங்க," என்றார் அவர்.

அதிகாரி ஏட்டைப் புரட்டினார். "இருபத்தேழாம் நாள், கன்னியப்பன், உள்ளேன். அப்ப இது என்ன?"

"ஏடு தப்புங்க."

"யார் எழுதினது?"

"அடியில கையெழுத்து என்னுதுங்க. நாந்தானுங்க பொறுப்பு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எழுத்து உன்னுதுன்னு சொன்னாங்க. நீ சொல்லுப்பா. அன்னிக்கு இந்த ஆள் வந்தாரா, இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. பாடு போட்ட விஷயம் தெரிந்தால் மூன்று எஞ்சினையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியவர் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது ஊரின் பயம். என் பயம் அதைவிடச் சின்னது. பொய் எழுதியவனுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்ற பயம்.

"வந்தாரு சார்," என்றேன்.

மிஷின் சாரு என் கையைப் பார்த்தார். நான் அதை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

இறந்தவர் முறையாகப் பயிற்சி பெற்றவர், விபத்து அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதி முடித்தார்கள். இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க ஊர் ஆண்களை எல்லாம் கரைக்கு வரவழைத்தார். பெயர் கூப்பிடவில்லை. ஏடும் இல்லை. ஒவ்வொருவராகப் படகில் உட்கார வைத்து, குச்சியைச் சொம்மாவுக்குக் கொண்டுவர வைத்து, கயிற்றை இழுக்க வைத்து, இறக்கினார். யாரும் கேலி பேசவில்லை. பெரியவரும் ஏறி உட்கார்ந்தார்.

அவர் பெட்டி கட்டும்போது உதவிக்குப் போயிருந்தேன். ஒரு நீள நோட்டு கிடந்தது. பிரித்தேன். பக்கத்துக்கு ஒரு கை. பென்சிலால் வரைந்தது. சுண்டுவிரல் மடங்காத கை, உள்ளங்கையில் தூண்டில் தழும்புள்ள கை, ஆறு விரல் கை. கீழே ஒன்பது பாடங்கள், கற்றுக்கொண்டதற்கு எதிரில் ஒரு கோடு. எண்ணினேன். இருபத்தெட்டுக் கைகள். முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. தெரிந்து, வாயைத் திறக்காமல், மூன்று ஆளுக்கும் மூன்று தடவை நடத்தியிருக்கிறார். எங்களுக்கு மெதுவாக ஏறுகிறது என்று அவர் சொன்ன பொய் எங்களைக் காப்பாற்றச் சொன்னது. நகம் கறுத்த கைக்கு எட்டுக் கோடு. ஒன்பதாவது இடம் காலி. கடைசிப் பக்கத்தில் என் கை இருந்தது, நடுவிரலில் மைக்கறையோடு. அதன் கீழே பாடங்கள் இல்லை. 'எல்லாம் தெரியும்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இன்றைக்கு நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். போன மாதம் மெட்ராசிலிருந்து ஒரு நிபுணர் வந்து, பயிற்சி முறையே மாறிவிட்டது என்று வகுப்பெடுத்தார். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பது இனி முக்கியமில்லையாம். யாருக்கு எந்த வேலை கைவந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று ஆளுக்கொரு கட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமாம். ரொம்பப் புதுசு என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. அந்த அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் கேட்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். கன்னியப்பன் அண்ணன் வீட்டில் அண்ணி கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அண்ணன் அந்தப் பாடத்தைக் கேட்கவே இல்லை, நான்தான் வந்ததாக எழுதினேன், விசாரணையிலும் அப்படியே சொன்னேன்.

அண்ணி நிமிரவில்லை.

"தெரியும்பா. அன்னிக்கி அவரு ஏரில இருந்தாரு. சோறு எட்துக்கினு போனவளே நான்தான்."

"அப்புறம் ஏன் அண்ணி அப்பவே..."

"நான் சொன்னா ஊரு எஞ்சினு பூட்றுமில்ல? எல்லாரும் வாய மூடிக்கினாங்கோ, நானும் மூடிக்கினேன்." ஒரு கருவாட்டை எடுத்து மணலைத் தட்டினார். "மிஷின் சாரு வருசா வருசம் வர்றாரு. கண்ண மூடிக்கினே படகுல வர்றாரு. 'நாஞ் சொல்லித் தரலீங்கம்மா, அது என் தப்புங்க'ன்னு என் கையப் பாத்துச் சொல்லிட்டுப் போறாரு. எங்கயோ கெடக்கற மனுசன். நீ இதே தெருவுல எத்தினி வருசமா போற வர?"

"பக்கத்துக் குப்பத்துல எம் பையன இன்னான்னு கூப்புட்றானுங்க தெரியுமா? குடிகாரன் மவனேன்னு. முப்பது நாளு கத்துக்கினவன் நின்னுக்கினு இழுப்பானா, ஏத்திக்கினுதான் போயிருப்பான்னு பேசறானுங்க. கவுருமெண்டு பேப்பர்லயே அவரு மேலதான் தப்புன்னு போட்டுக்குதாம். ஊருக்கெல்லாம் நெசம் தெரியும்பா. அந்தப் பேப்பருக்குத்தான் தெரியாது. எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? போயி அதுக்குச் சொல்லு."

போனேன். அலுவலகத்தில் ஏழு வருடத்துக்கு முந்தைய கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார்கள். எழுதிக் கொடுத்த மனுவை வாங்கி ஒரு கட்டின்மேல் வைத்தார்கள். அந்தக் கட்டை யாரும் பிரிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனவே இங்கே எழுதுகிறேன். அச்சில் இருந்தால் அந்தப் பையன் யாரிடமாவது காட்டலாம்.

படகு எஞ்சின் பயிற்சி, லைட்ஹவுஸ் குப்பம். இருபத்தேழாம் நாள். கன்னியப்பன், வரவில்லை. ஏரியில் அவருடைய பாடு. அவர் பெயருக்கு 'உள்ளேன்' சொன்னவர் வேறு ஆள். எழுதியவன் நான்.